சீவலாங்குளத்து மாமன்மார் தைத்த மெத்தை

சீவலாங்குளத்தில் புத்தியைப் பங்கு வைத்த அன்றைக்கு அந்த நாலு அண்ணன் தம்பிகளும் வெளியூர் போயிருந்தார்கள் என்று ஊரில் சொல்லுவார்கள். அது சுத்தப் பொய். அன்றைக்கு அவர்கள் ஊரில்தான் இருந்தார்கள். வரிசையில்கூட நின்றார்கள். யாரோ ஒருவர், "கொஞ்சம் பின்னால போங்கப்பா" என்று சொன்னார். அவர்கள் போய்க்கொண்டே இருந்தார்கள், அவ்வளவுதான்.

மூத்தவர் செம்புலிங்கம். அவருக்கு அடுத்து மாசானம், சொரிமுத்து, கடைசியில் பூதத்தான். நாலு பேருக்கும் சேர்த்து ஒரே தங்கச்சி பேச்சியம்மாள். ரெண்டு ஊர் தள்ளிக் கட்டிக்கொடுத்திருந்தார்கள். தலைப்பிரசவத்துக்கு அவளைப் பிறந்த வீட்டுக்குக் கூட்டி வர ஆட்டோவோடு போனபோது, அவள் மாமியார் ஆவுடையம்மாள், "வண்டி குலுங்காம கூட்டிட்டுப் போங்க" என்று ஒரு வார்த்தை சொன்னாள். ஓடினால்தானே குலுங்கும் என்று இவர்கள் ஆட்டோவை ஓடவே விடவில்லை. பேச்சியம்மாளை உள்ளே உட்கார வைத்து, சாயங்காலம் வரைக்கும் வாசலிலேயே நிறுத்தி வைத்திருந்தார்கள். ஆவுடையம்மாள் மருமகளை இறக்கி உள்ளே கூட்டிப்போய், "பிரசவம் இங்கனயே நடக்கட்டும்" என்று கதவைச் சாத்திவிட்டாள்.

பையன் பிறந்தான். செம்புலிங்கம் இன்னும் அவனைத் தூக்கவில்லை. பார்க்கப் போனபோது, "கை படாம பாருங்க" என்று ஆவுடையம்மாள் சொன்னதால் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு பார்த்துவிட்டு வந்தார். வந்ததிலிருந்து மனுஷனுக்குச் சோறு இறங்கவில்லை. கல்யாணம் காட்சி என்று எதையும் காணாத கட்டை. அந்தப் பிள்ளையை ஒரு தடவை கையில் வாங்கினால் போதும் என்று ஏங்கிப்போனார்.

அந்த நேரத்தில்தான் பூதத்தான் போனில் பேச்சியம்மாளின் குரல் வந்தது. "அண்ணே, வெள்ளிக்கிழமை பிள்ளையைத் தொட்டில்ல போடுதோம். தாய்மாமன் கையால தைச்ச மெத்தை வந்தா, தாய்மாமன் கையாலயே பிள்ளையைத் தொட்டில்ல போடலாம்னு எங்க அத்தை சொல்லுதாவ. வரலைன்னா அவுக தம்பி கடையில ஒரு கம்பளி வாங்கி வச்சிருக்காராம். அவரே போட்டிருவாராம்."

செம்புலிங்கம் போனைப் பிடுங்கிக்கொண்டார். "தைச்சிருவோம்" என்றார். ஊசியை எந்தப் பக்கம் பிடிப்பது என்பது அவருக்குப் பிறகுதான் தெரிய வந்தது.

முதலில் துணி. "புதுசு பிள்ளைக்கு ஆகாது. வீட்டுல உள்ளவங்க உடுத்தி நைஞ்ச பருத்தித் துணியாப் பாருங்க" என்று பேச்சியம்மாள் சொல்லியிருந்தாள். வீட்டில் இருந்த வேட்டிகளையெல்லாம் கொடியிலிருந்து உருவி நடுக்கூடத்தில் குவித்தார்கள்.

"ஏல, இதுல எது பழசு?" என்று கேட்டார் செம்புலிங்கம்.

"எதைக் கடைசியா வாங்கினோமோ அது புதுசு. மத்ததெல்லாம் பழசு" என்றான் மாசானம்.

"கடைசியா வாங்கினது எது?"

"அது போன தீபாவளிக்கு வாங்கினது."

"அப்ப அதுவும் பழசுதானல."

இந்த வாதத்தை யாராலும் அசைக்க முடியவில்லை. எல்லா வேட்டியையும் சதுரம் சதுரமாக வெட்டினார்கள். இடுப்பில் இருந்தது மட்டும் தப்பித்தது. அதையும் வெட்டத்தான் சொரிமுத்து கத்தரியைக் கொண்டுவந்தான். உடுத்தி முடித்ததைத்தான் வெட்டலாம், உடுத்திக்கொண்டிருப்பதை வெட்டக்கூடாது என்று செம்புலிங்கம் தடுத்துவிட்டார்.

அடுத்தது நூல். துணி வெள்ளையாகத்தான் இருக்கும், நூலாவது கண்ணுக்குக் குளுமையான கலராக இருக்கட்டும் என்று தங்கச்சி சொன்னாள். நாலு பேரும் பஜாரில் நூல்கடைக்குப் போய், நூல்கண்டுகளை எடுத்து ஒவ்வொன்றாகக் கண்ணை மூடி இமைமேல் வைத்துப் பார்த்தார்கள். கடைக்காரர் முதலில் வேண்டுதல் என்று நினைத்தார்.

"சிவப்பு சுடுதுண்ணே" என்றான் பூதத்தான். அது வெயில் படுகிற இடத்தில் இருந்தது.

"பச்சை பரவாயில்ல. ஆனா இந்தக் காக்கி இருக்கு பாருங்க, ஐயோ, ஊட்டியில இருக்க மாதிரி இருக்கு" என்றான் மாசானம். அது தண்ணீர்ப் பானைக்குப் பக்கத்தில் இருந்தது.

செம்புலிங்கம் நியாயஸ்தர். "ஒண்ணு வெயில்ல இருந்திருக்கு, ஒண்ணு நிழல்ல இருந்திருக்கு. இது எப்படிச் சரியான போட்டி? எல்லாத்தையும் ஒரே இடத்துல வச்சுப் பாக்கணும்" என்றார். பக்கத்து சோடாக்கடை ஐஸ்பெட்டியில் எல்லாக் கண்டையும் போட்டு வைத்து, ஆளுக்கொரு பன்னீர் சோடா குடித்துவிட்டு எடுத்துப் பார்த்தார்கள். ஊதா, மஞ்சள், கறுப்பு, ரோஸ் எல்லாமே ஒரே குளுமை. வேறு வழியில்லாமல் எல்லாக் கலரிலும் ஒரு கண்டு வாங்கிக்கொண்டார்கள். கடைக்காரர் அவர்கள் போன பிறகு தானும் ஒன்றை எடுத்துக் கண்ணில் வைத்துப் பார்த்தாராம்.

இலவம்பஞ்சை நடுவில் பரப்பி, மேலும் கீழும் துணித்துண்டுகளை அடுக்கித் தைக்க உட்கார்ந்தார்கள். தையல் பிள்ளை முதுகில் உறுத்தக்கூடாது என்று தங்கச்சி சொன்னது நினைவுக்கு வந்தது. பூதத்தானைச் சட்டையைக் கழற்றிப் படுக்க வைத்து, முதுகில் ஒவ்வொரு நூலாக இழுத்துப் பார்த்தார்கள். ஊதா உறுத்துகிறது என்றான். மஞ்சளும் உறுத்துகிறது என்றான். ரோஸ் கிச்சுக்கிச்சு மூட்டுகிறது என்றான்.

"நூல் இல்லேன்னா?" என்று கேட்டான் சொரிமுத்து.

பூதத்தான் கொஞ்ச நேரம் கவனித்துவிட்டு, "ஒண்ணுமே தெரியல" என்றான்.

அன்று பொழுது முழுக்க நாலு பேரும் நூல் கோக்காத ஊசியால் தைத்தார்கள். அப்படி ஒரு வேகம். நூல் சிக்கவே இல்லை. முடிந்ததும் செம்புலிங்கம் பெருமையோடு மெத்தையைத் தூக்கினார். ஒரு துண்டு அவர் கையோடு வந்தது. மற்றதெல்லாம் தரையிலேயே இருந்தது, பஞ்சு மட்டும் வீடெல்லாம் பறந்தது.

மறுபடியும் போன் போட்டார்கள். பேச்சியம்மாள் விஷயத்தை முழுக்கக் கேட்டுக்கொண்டாள். அப்புறம் பொறுமையாகச் சொன்னாள். "அண்ணே, நூல் கோத்துத் தையுங்க. ஊசி அடிவரைக்கும் இறங்கணும், இல்லேன்னா பஞ்சு ஒரு பக்கமா ஒதுங்கிரும். அப்புறம் நூலை நடுவுல எங்கயும் அறுத்துராதீங்க. அறுத்தா முடிச்சுப் போடணும், முடிச்சு பிள்ளையைக் குத்தும்."

இப்போது எல்லாம் தெளிவாகிவிட்டது. மெத்தையை மடியில் விரித்துக்கொண்டு ஆளுக்கொரு பக்கமாகச் சப்பணம் போட்டு உட்கார்ந்தார்கள். ஊசி அடிவரைக்கும் இறங்கியதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது என்பதுதான் கேள்வி. மாசானம் ஒரு குத்துக் குத்திவிட்டு, "ஸ்ஸ்" என்றான்.

"என்னல?"

"இறங்கிட்டுண்ணே. தொடை வரைக்கும் வந்துட்டு."

அதிலிருந்து அதுவே கணக்காகிப் போனது. ஸ்ஸ் என்று சத்தம் வந்தால் தையல் சரி. வராவிட்டால் பிரித்துத் திரும்பத் தைத்தார்கள். மருமகப்பிள்ளைக்காகத்தானே என்று செம்புலிங்கம் பல்லைக் கடித்துக்கொண்டு, மற்ற மூன்று பேரையும்விட நெருக்கமாகத் தைத்தார்.

இருந்த இடத்தை விட்டு எழுந்திரிக்காமல் விடிய விடியத் தைத்ததில், வெள்ளிக்கிழமை காலையில் கடைசித் தையலும் முடிந்தது. உண்மையைச் சொல்லவேண்டும், மெத்தை அழகாகத்தான் இருந்தது. வெள்ளைத் துணியில் அத்தனை கலர் நூலும் ஓடிக் கண்ணைப் பறித்தது. செம்புலிங்கம் எழுந்தார். மெத்தை எழுந்தது. மற்ற மூன்று பேரின் வேட்டியும் எழுந்தது.

"ஏல, நான் எந்திரிச்சா உங்க வேட்டி ஏன் எந்திரிக்குது?" என்று கேட்டார்.

குனிந்து பார்த்தார்கள். நாலு வேட்டியும் மெத்தையோடு சேர்ந்து, ஊசி அடிவரைக்கும் இறங்கித் தைக்கப்பட்டிருந்தது.

"அறுத்துருவோமா?" என்றான் பூதத்தான்.

"நூலை அறுக்கக்கூடாதுன்னு தங்கச்சி சொல்லியிருக்கா."

"வேட்டியை அவுத்துருவோமா?"

"வேற வேட்டி?"

"அதெல்லாம் மெத்தைக்குள்ள இருக்கு."

வேட்டி இல்லாமல் தாய்மாமன் சபைக்குப் போவது மரபில்லை. அதனால் நாலு பேரும் மெத்தையோடு நடந்தார்கள், முன்னால் ரெண்டு பேர், பின்னால் ரெண்டு பேர், நடுவில் மெத்தை. வழியில் ஒரு அம்மாள் ஏதோ கோயில் கொடை விழாவுக்குச் சீர் போகிறது என்று நினைத்து, மெத்தையில் ஒரு சீப்பு வாழைப்பழத்தை வைத்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். அவளைப் பார்த்து அடுத்த வீட்டுக்காரி தேங்காய் வைத்தாள். தங்கச்சி ஊருக்குள் நுழைகிறபோது மெத்தை நிறையச் சீர் இருந்தது.

ஆவுடையம்மாள் வாசலில் நின்றாள். அவள் தம்பி கம்பளியோடு பக்கத்தில் நின்றார். அவள் பழத்தையும் தேங்காயையும் பார்த்தாள், மெத்தையைத் தடவிப் பார்த்தாள். தையலை இழுத்தாள். நாலு பேரும் ஓரடி முன்னால் வந்தார்கள்.

"மெத்துனு இருக்கு. தையலும் உறுதியாத்தான் இருக்கு" என்று ஒப்புக்கொண்டாள். "சொன்னது சொன்னதுதான். மூத்த மாமன் பிள்ளையைப் போடட்டும்."

பேச்சியம்மாள் பிள்ளையைச் செம்புலிங்கத்தின் கையில் கொடுத்தாள். அவருக்குக் கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது. "எப்பா, என் ராசா" என்றார். மெத்தையை மரத்தொட்டிலில் விரித்து, பிள்ளையை அதன்மேல் மெதுவாகக் கிடத்தினார். பெண்கள் குலவை போட்டார்கள். தொட்டிலை ஆட்டினார்கள். தொட்டில் கிழக்கே போனபோது மாமன்மார் நாலு பேரும் கிழக்கே போனார்கள், மேற்கே வந்தபோது மேற்கே வந்தார்கள். நாலு மாமன் முகமும் ஒன்றாகப் போய் ஒன்றாக வருவதைப் பார்த்துப் பிள்ளை பொக்கை வாயைத் திறந்து சிரித்தான். சிரித்த வேகத்தில் மெத்தையை நனைத்தும்விட்டான்.

"அலசிக் கொடியில போடுங்க" என்று சொல்லிவிட்டு ஆவுடையம்மாள் பந்தி பார்க்கப் போனாள்.

கிணற்றடியில் மெத்தையை அலசிக் கொடியில் போட்டார்கள். நாலு பேரும் கொடிக்குக் கீழே வரிசையாக நின்றார்கள். பேச்சியம்மாள் கத்தரியோடு ஓடிவந்தாள்.

"நில்லுங்கண்ணே, அறுத்து விட்டிருதேன்."

"நீதானம்மா அறுக்கக்கூடாதுன்னு சொன்னே" என்றார் செம்புலிங்கம். "அறுத்தா முடிச்சு விழும். பிள்ளையைக் குத்தும். நாங்க இங்கன நல்லாத்தான் இருக்கோம், நீ போய்ப் பிள்ளையைப் பாரு."

அவள் கத்தரியையும் அண்ணன்மாரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, உள்ளே பிள்ளை அழுகிற சத்தம் கேட்டு ஓடிவிட்டாள்.

பொழுது சாய்ந்தது. அடுப்படியிலிருந்து ஆவுடையம்மாள் குரல் கொடுத்தாள். "பொழுதடைஞ்ச பொறவு பிள்ளைத் துணி வெளிய கெடக்கக்கூடாது. மடிச்சு பீரோவுக்குள்ள வைங்க."

நாலு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். செம்புலிங்கம் கொஞ்சம் யோசித்தார்.

"ஏல மாசானம், நீயும் பூதத்தானும் அடியில மடிஞ்சுக்கிடுங்க. சொரிமுத்து நடுவுல. நான் மேல" என்றார். "நாளைக்குப் பிள்ளைக்கு விரிக்கையில அவனுக்கு மூத்த மாமன் முகம்தான் முதல்ல தெரியணும்."

அது நியாயம்தான் என்று மாசானம் முதல் ஆளாகக் குனிந்தான்.