பேர் செதுக்காத லாக்கர்

அக்கா கயல்விழி வேலை பார்க்கும் ஆபீஸுக்கு லாக்கர் செய்ய எங்கள் தச்சுப் பட்டறையைக் கூப்பிட்டார்கள். அங்கே ஆளைக் குறைக்கப் போவதாகப் பேச்சு. அக்கா ஒழுங்காகத் தூங்கியே நாளாச்சு.

மேனேஜர் சடகோபன் எல்லாரையும் நிற்க வைத்துச் சொன்னார்: “இது குடும்பம். யாரையும் அனுப்ப மாட்டோம்.” பிறகு என் பக்கம் திரும்பினார். “அதை இவங்க நம்புற மாதிரி ஒரு லாக்கர் செய்யணும். பத்தாவது தாண்டாதவன் நீ, உன்னால முடியுமா?”

“சுலபம் சார். கதவுலயே ஒவ்வொருத்தர் பேரையும் செதுக்கிடறேன். ஆயுசுக்கும் அழியாது.”

அவர் அவசரமாகக் கையை ஆட்டினார். “செதுக்கறதெல்லாம் வேணாம்ப்பா. ஸ்டிக்கர் ஒட்டு. உரிச்சா தடம் தெரியாததா பாரு.”

சொன்ன பிறகுதான் அவருக்கே உறைத்தது.

அவர் வாயிலிருந்தே உண்மையைப் பிடுங்கிவிட்டேன். யாருக்கு என்ன லாபம்? ஸ்டிக்கரோடுதான் லாக்கர் வந்தது. அக்கா அதில் எதையும் வைப்பதில்லை. பையை மடியிலேயே வைத்துக்கொண்டு வேலை பார்க்கிறாள்.