மஞ்சள் பனியனின் இடது கை

“பேட்டரியும் மாத்தியாச்சு. இப்ப என்னல சொல்லுத?”

செந்தூர்பாண்டி அண்ணன் கேட்டார். வாடகைக் கார் அவருடையது. பேட்டரி அவருடைய மச்சானின் லோடு ஆட்டோவிலிருந்து கழற்றி, தோளில் தூக்கி வந்தது. பேட்டரிதான் வீக் என்று சொன்னது நான்.

சாவியைத் திருகினேன். எஞ்சின் நன்றாகச் சுற்றியது. சுற்றிக்கொண்டே இருந்தது. பிடிக்கவில்லை.

எனக்குக் கை பரபரத்தது. ஹெட்டை இறக்கி, கேஸ்கட் மாற்றி, திரும்பப் பூட்ட மூன்று நாள். வேறு யாரும் கை வைக்காமல் நானே முழுசாகச் செய்த முதல் எஞ்சின். “பள்ளிக்கூடத்தைப் பாதியில விட்ட பயகிட்டயா என் வண்டி?” என்று முதல் நாளே முகத்துக்கு நேராகக் கேட்டவர் இந்த அண்ணன். “சுடலை செய்வான். நான் இருக்கேன்லா,” என்று சொன்னது லூர்து அக்கா. ஒர்க் ஷாப் அக்காவுடையது. இது ஓடினால் அடுத்த எஞ்சினும் எனக்கு. ஓடாவிட்டால் பழையபடி பஞ்சர் ஒட்ட வேண்டியதுதான்.

“பெட்ரோல்ணே,” என்றேன். “பெட்ரோல்ல தண்ணி கலந்திருக்கு.”

“நிசமாவால?”

“பிளக்கைப் பாருங்க. நனைஞ்சு கெடக்கு.”

பிளக் நனைந்திருந்தது உண்மை. தண்ணீர் என்பது நானாகச் சேர்த்துச் சொன்னது.

நாலு மணிக்கு அவருக்கு ஏர்போர்ட் சவாரி. மணி இரண்டரை. கேனைத் தூக்கிக்கொண்டு பைபாஸ் வெயிலில் பங்க் வரைக்கும் நடந்தே போனார்.

ஒரு வேனுக்கு அடியிலிருந்து லூர்து அக்கா வெளியே வந்தார். நான் அவரை விடவில்லை.

“ஸ்பார்க் வருது. பெட்ரோல் வருது. கம்ப்ரஷன் இருக்கு. பெறகு எங்கதான்க்கா தப்பு?”

அக்கா எஞ்சின் பக்கமே திரும்பவில்லை.

“துணியெல்லாம் எங்க?”

எங்கள் ஒர்க் ஷாப்பில் ஒரு பழக்கம். எஞ்சினைப் பிரிக்கும்முன் ஒரு பழைய பனியனை எடுத்து அக்கா எட்டுத் துண்டாக வெட்டுவார். திறந்து கிடக்கிற ஓட்டைகளில் நட்டோ தூசியோ விழாமல் அடைக்க அந்தத் துண்டுகள்தான். வேலை முடிந்ததும் அவற்றைப் பொறுக்கி, பெஞ்சில் பரப்பி, மறுபடியும் பனியனாக்கிக் காட்ட வேண்டும். அதற்குப் பிறகுதான் சாவியைத் தொடலாம். “உங்க அக்கா எஞ்சினுக்குச் சட்டை தைக்குது,” என்று அடுத்த ஒர்க் ஷாப் பையன்கள் சிரிப்பார்கள். நானும் கூடச் சிரித்திருக்கிறேன். இந்த முறை நான் அதைச் செய்யவில்லை. நேராகச் சாவிக்குப் போய்விட்டேன்.

டூல்ஸ் தட்டில் எண்ணெய் பட்டுக் கறுத்துக் கிடந்த மஞ்சள் பனியன் துணிகளை அக்கா அள்ளிக்கொண்டு வந்தார். ஒவ்வொன்றாக உதறி பெஞ்சில் வைத்தார். கழுத்து. முதுகு மூன்று துண்டு. வயிறு இரண்டு துண்டு. வலது கை. அவசரமே இல்லாமல் வைத்தார், எனக்குத்தான் கால் நிற்கவில்லை.

ஏழு துண்டு. இடது கை இல்லை.

அக்கா அந்த வெறும் இடத்தைக் கையால் தடவிவிட்டார்.

நான் ஓடினேன். எஞ்சினுக்குள் காற்றுப் போகிற குழாயின் கிளிப்பைத் தளர்த்தி, குழாயைப் பிடுங்கினேன். உள்ளே, தொண்டையில் சிக்கினது மாதிரி, மஞ்சள். பிளையரால் கவ்வி இழுத்தேன். நீளமாக வந்தது.

“அக்கா, கிடைச்சிருச்சு. காத்தே போகலக்கா. மூச்சை அடைச்சு வச்சுட்டு ஓடு ஓடுன்னா எப்படி ஓடும்?”

என் எஞ்சினில் ஒரு கோளாறும் இல்லை. குழாயைப் பூட்டிவிட்டு சாவிக்குப் பாய்ந்தேன்.

“வை அதை. அவரு வரட்டும்.”

“இப்பவே பார்த்திருவோமேக்கா.”

“வரட்டும். என்ன ஆச்சுன்னு முதல்ல அவருட்ட சொல்லு. அப்புறம் திருகு.”

“ஓடுனா போதும்லாக்கா? எதுக்குச் சொல்லணும்?”

நான் பெஞ்சில் வைத்திருந்த இடது கையை அக்கா எடுத்துத் தன் உள்ளங்கைக்குள் மடக்கிக்கொண்டார்.

“நீ சொல்லிட்டு வா. இதை அப்புறம் வைப்போம்.”

கேனோடு அண்ணன் வந்துவிட்டார். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

“வண்டிய இங்க விடுததுக்கு முன்ன போட்ட அதே பங்க்தான், பக்கத்துல வேற இல்ல. தண்ணியை ஊத்தியா விக்கீங்கன்னு பெட்ரோல் போடுத பிள்ளையை நல்லா ஏசிட்டுதான் வாரேன்.”

அக்கா என்னைப் பார்த்தார்.

நான் கேனை வாங்கி டேங்கில் ஊற்றினேன். சாவியைத் திருகினேன்.

ஒரே திருகு. பிடித்தது. தகரக் கூரை அதிர்ந்தது. மூன்று நாளாக நான் கனவில் கேட்ட சத்தம் அதுதான், இன்னும் கொஞ்சம் நன்றாகவே இருந்தது.

செந்தூர்பாண்டி அண்ணன் என் முதுகில் ஓங்கி அடித்தார்.

“பெட்ரோலேதான். கரெக்டா சொல்லிட்டியேல. உன்னைப் போய் லேசா நெனச்சிட்டேன் தம்பி, மனசுல வச்சுக்காத.”

“அவன் உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்,” என்றார் அக்கா.

அண்ணன் என் முகத்தைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே நின்றார்.

நான் டேங்க் மூடியை எடுத்து, போட்டு, இறுக்கித் திருகினேன்.

“ஏர்போர்ட்டுக்கு நேரமாச்சுண்ணே,” என்றேன்.