சேந்தனின் வண்டியில் ஏறியவர்கள்

சின்னவர்களே, கேளுங்கள், பெரியவர்களே, நீங்களும் கேளுங்கள். மலையடிவாரத்துக் கோட்டையில் ஓர் அரசன் இருந்த காலத்தில் நடந்தது இது.

அரசி பிள்ளைத்தாய்ச்சி. கல்லும் பள்ளமுமான பாதையில் தாய்வீடு போக வேண்டும். அலுங்காமல் மாட்டுவண்டி ஓட்டும் ஆளைத் தேர்ந்தெடுக்க அரசன் பரீட்சை வைத்தான்.

அவ்வூர் வண்டிக்காரன் சேந்தனும் போனான். கூட்டத்தைப் பார்த்ததும் பதறிப்போனான். கயிற்றை வெடுக்கென்று இழுத்தான். காளைகள் மிரண்டன. சக்கரம் கோட்டை வாசல் தூணில் மோதி வண்டி சாய்ந்தது. ஊரே சிரித்தது.

"அடுத்த பௌர்ணமிக்கு மறுபடி பரீட்சை உண்டு. விருப்பமிருந்தால் வா" என்றார் அமைச்சர்.

சேந்தன் வீட்டுக்குள் முடங்கினான். அவனைப் பார்க்க மூன்று பேர் வந்தார்கள்.

"அமைச்சருக்கு ஓரவஞ்சனை" என்றான் மைத்துனன்.

"உனக்கு எதுக்கப்பா இந்த வேலை? விட்டுத்தள்ளு" என்றார் பக்கத்து வீட்டுக்காரர்.

மூன்றாவதாக வந்தவன் நண்பன் ஆதன்; பானை செய்கிறவன். "நாளைக்குச் சந்தை. என் பானைகளை உன் வண்டியில் ஏற்றுகிறேன், நீ ஓட்டு" என்றான்.

"உடைத்துவிடுவேனடா!"

"உடை. வேறு செய்துகொள்கிறேன்."

முதல் சந்தைக்குப் பாதிப் பானை உடைந்தது. ஆதன் உடைந்த ஓடுகளைப் பொறுக்கி ஓரமாகப் போட்டான். அவன் மனைவி நன்னிக்குத்தான் தாங்கவில்லை. "சூளைப் புகையில் வெந்தது நாங்கள். உங்களுக்கென்ன அண்ணே!" என்று சிடுசிடுத்தாள். சேந்தன் தலைகுனிந்தான். ஆனாலும் மறுவாரம் ஆதன் பானைகளோடு வந்து நின்றான்.

இரண்டாம் சந்தைக்குச் சிலதான் உடைந்தன. "பள்ளத்தைக் கண்டால் கயிற்றை இறுக்குகிறாய். உன் பயம் காளைக்கும் வந்துவிடுகிறது. கையைத் தளர்த்திப் பார்" என்றான் ஆதன்.

மூன்றாம் சந்தைக்கு ஒன்றுகூட உடையவில்லை.

பௌர்ணமி வந்தது. "இம்முறை வெறும் வண்டி போதாது. உள்ளே ஓர் ஆள் உட்கார வேண்டும். யார் வருகிறீர்கள்?" என்று கேட்டார் அமைச்சர்.

சாய்ந்த வண்டியை எல்லாரும் பார்த்தவர்கள்தானே! கூட்டம் பின்வாங்கியது. ஆதன் முன்னால் வந்தான். அவனையும் முந்திக்கொண்டு, தூங்கும் கைக்குழந்தையைத் தோளில் சாய்த்தபடி நன்னி ஏறி உட்கார்ந்தாள்.

"ஓட்டுங்கள் அண்ணே" என்றாள்.

சேந்தன் கயிற்றைத் தளர்வாகப் பிடித்தான். வண்டி பள்ளத்தில் இறங்கியது, கல்லில் ஏறியது, தூண்களுக்கு நடுவே நுழைந்து மறுபக்கம் வந்து நின்றது.

அமைச்சர் வண்டியின் திரையை விலக்கிப் பார்த்தார். குழந்தை இன்னும் தூங்கிக்கொண்டிருந்தது.

"அரசியிடம் சொல்லுங்கள், வண்டி தயார்!" என்றார்.

தோற்றுப்போன நண்பனுக்கு ஆறுதல் சொல்வதைவிட, அவனை நம்பி அவன் வண்டியில் ஏறுவதே மேலான நட்பு.