பாசிக்கு அடியில் இருந்த பெயர்

நகரத்தின் பழைய கல்லறைத் தோட்டத்தில் மதலேன் டீச்சர் கல் படிக்கக் கற்றுத்தருவாள். மழை தின்ற எழுத்தின் மேல் தண்ணீர் தெளித்துவிட்டு, சாயும் வெயிலுக்காகக் காத்திருக்க வேண்டும். பெயர் மெல்ல எழுந்து வரும். கப்பல் தலைவர்கள், அர்மீனிய வியாபாரிகள், காய்ச்சலில் போன வெள்ளைக்காரக் குழந்தைகள் என்று பலரை அவள் அப்படி எழுப்பியிருந்தாள்.

அவளுடைய சீடர் இருதயராஜ் அவளைவிட மூத்தவர். பெயிண்ட் கடைக்காரர். காத்திருக்கத் தெரியாதவர்.

கல்லறைத் திருநாள் அன்று சாயங்காலம் அவளைத் தேடிக்கொண்டு ஓடிவந்தார். கையெல்லாம் சுண்ணாம்பு.

"டீச்சர், அது எங்கம்மா இல்ல."

"எது?"

"வருஷா வருஷம் நான் வெள்ளையடிக்கிற கல்லறை. சின்ன வயசுல அத்தை காட்டின இடம். மேல 'மரிய'ன்னு தெரியும், மிச்சமெல்லாம் பாசி. இன்னிக்கு நீங்க சொன்ன மாதிரி தேய்ச்சுத் தண்ணி தெளிச்சுப் பார்த்தேன். மரிய ஞானம்னு இருக்கு. எங்கம்மா மரிய சௌந்தரம்."

"நம்ம ஜனத்துல மரிய இல்லாத பொம்பள யாரு?"

"சிரிக்காதீங்க. நீங்க படிக்கக் கத்துக்குடுக்காமலே இருந்திருக்கலாம்."

அவள் எழுந்து அவரோடு நடந்தாள்.

மரிய ஞானத்தின் கல்லறை பளிச்சென்று இருந்தது. மேலே சாமந்தி மாலை. தலைமாட்டில் மெழுகுவர்த்தி எரிந்துகொண்டிருந்தது.

"மாலைய எடுத்துரட்டுமா? இவங்க யாரோ."

"எடுங்க."

அவர் தூக்கினார். ஈரச் சுண்ணாம்பில் இதழ்கள் ஒட்டிக்கொண்டு வர மறுத்தன. பாதி தூக்கிய மாலையை அப்படியே விட்டுவிட்டு, வாளியோடு அடுத்த வரிசைக்குப் போனார்.

மரிய தங்கம். மரிய புஷ்பம். மரிய செபஸ்தி. ஒரு கல்லின் எழுத்து எழுவதற்குள் அடுத்த கல்லுக்குத் தாவினார். வாளித் தண்ணீர் அவர் வேட்டியில்தான் அதிகம் சிந்தியது. வெயில் மதிலுக்குக் கீழே இறங்கிக்கொண்டிருந்தது. அது போய்விட்டால் எழுத்தும் போய்விடும்.

"எல்லாரும் இருக்காங்க டீச்சர். அவங்கள மட்டும் காணோம்."

மதிலோரம் புல்லுக்குள் ஒரு கல் சாய்ந்து கிடந்தது. அதிலும் தெளித்தார். 'மரிய' என்று வந்தது. அதற்கப்புறம் கல்லே பெயர்ந்து போயிருந்தது. அதன் மேல் யாரோ ஏற்றிவைத்த மெழுகுவர்த்தி பாதி எரிந்திருந்தது. பக்கத்தில் ஒருவரும் இல்லை.

"இதுவா?"

"தெரியல."

"உங்களுக்கே தெரியலன்னா எப்படி?"

"கல்லுல இருந்தாத்தானே படிக்க?"

வாசலில் காவலாளி மணியடித்தார். பூட்டப்போகிறார்கள். இருதயராஜின் கையில் ஒரு மெழுகுவர்த்தி மிச்சமிருந்தது. அதை எங்கே வைப்பதென்று தெரியாமல் இந்தக் கல்லையும் அந்தக் கல்லையும் பார்த்தார்.

"இத்தனை வருஷமும் யாருக்கோ ஏத்தியிருக்கேன். அப்ப எங்கம்மாவுக்கு யாரு ஏத்தினாங்க?"

காற்று வந்தது. மதலேன் குனிந்து, சாய்ந்த கல்லின் மேலிருந்த சுடரைக் கையால் மறைத்துக்கொண்டாள்.

"கல்லைத் தப்பாப் படிச்ச இன்னொருத்தர்."