காலையிலேயே நிறுத்திய காவல்

நாகர்கோவில் பக்கம் ஒரு கல்லூரி. அங்கே தேர்வு மதிப்பெண் பட்டியலை யார் திறந்தார், யார் மாற்றினார் என்பதையெல்லாம் ஒரு மென்பொருள் தானாகவே தனி டேட்டாபேஸில் பதிந்துவிடும். ஒருநாள் மத்தியானம் அந்தப் பதிவு டேட்டாபேஸின் இணைப்பு மட்டும் அறுந்துபோனது. திரும்பி வந்தபோது நாலைந்து மாணவர்களின் மதிப்பெண் கூடியிருந்தது. கூட்டியது யார் என்ற பதிவுதான் இல்லை.

மறுநாள் கணினிப் பிரிவுத் தலைவர் ஞானசுந்தரம் பழியைத் தற்காலிக ஊழியை ஜெசிந்தா மேல் போட்டார். "தொலைஞ்ச பதிவு சாயங்காலத்துக்குள்ள வரணும். இல்லன்னா நீதான் மாத்தினேன்னு எழுதிக் கொடுத்துருவேன்" என்று கல்லூரி முதல்வர் எதிரிலேயே மிரட்டினார்.

ஜெசிந்தாவுக்குச் சந்தேகம் தட்டியது. இணைப்பு போனால் பதிவுகளைப் பத்திரப்படுத்தி வைக்கும் வசதியை யாரோ நிறுத்தியிருந்தார்கள். சின்னக் கோளாறுக்கே ஊரைக் கூட்டுகிற ஞானசுந்தரம் இணைப்பு போன அன்று யாரையும் கூப்பிடவும் இல்லை.

சாயங்காலம் முதல்வர் அறைக்குப் போனாள். ஞானசுந்தரமும் அங்கே உட்கார்ந்திருந்தார்.

"சார், இணைப்பு போனா நம்ம மென்பொருள் பதிவுகளைத் தன்கிட்டயே சேர்த்து வச்சிருந்து, இணைப்பு வந்ததும் டேட்டாபேஸுக்கு அனுப்பும். அதை இப்பவே எடுத்துக் காட்டட்டுமா?"

ஞானசுந்தரம் சிரித்தார். "புளுகாத. அந்த வசதியை நான் அன்னைக்குக் காலையிலேயே நிறுத்திட்டேன். ஒரு வரிகூட இருக்காது."

"மத்தியானம் இணைப்பு போகப்போகுதுன்னு காலையிலேயே உங்களுக்கு யாரு சார் சொன்னா?"

ஞானசுந்தரத்தின் சிரிப்பு அப்படியே நின்றது.

முதல்வர் நாற்காலியைக் காட்டினார். "ஜெசிந்தா, நீ உட்காரும்மா. ஞானசுந்தரம், நீங்க எழுந்து நில்லுங்க."