கல்லாகாத முயல்

ஒரு காட்டில், காலை வெயில் எட்டாத பாறைப் பள்ளம் ஒன்றில், முயல் கூட்டம் ஒன்று வாழ்ந்து வந்தது. பள்ளத்தைச் சுற்றிக் கள்ளிவேலி. கூட்டத்துக்குக் குரு, முள்முனி என்ற முள்ளம்பன்றி.

"பாறைச்சாமி என் காதில் மட்டும்தான் பேசும்" என்பார் முள்முனி. முயல்கள் தோண்டும் கிழங்குகளில் கொழுத்தவை எல்லாம் அவர் வளைக்குப் போகும்.

"கள்ளிவேலியைத் தாண்டுகிறவர் கல்லாகிவிடுவார். வெளியே யாராவது கூப்பிட்டால் காதை மடக்கிக்கொள்ளுங்கள். அது பேய்க்குரல்" என்றும் அவர் சொல்லி வைத்திருந்தார்.

செம்பி என்ற பெண் முயல் அந்தப் பள்ளத்திலேயே பிறந்து வளர்ந்தவள். அவளுடைய அக்கா துடியாள், போன கோடையில் வேலியைத் தாண்டிப் போய்விட்டாள். மறுநாளே முள்முனி வேலிக்கு வெளியே ஒரு கல்லைக் காட்டி, "அதோ பாருங்கள், துடியாள்!" என்றார். அந்தக் கல் முயல் குந்தியிருப்பதுபோலவே இருந்தது. அன்று முதல் அம்மா வெள்ளாச்சி, தினமும் காலையில் வேலியோரம் நின்று அந்தக் கல்லைப் பார்த்து அழுவாள்.

ஒருநாள் அம்மாவோடு நின்ற செம்பி, கல்லை உற்றுப் பார்த்தாள். பக்கத்து இச்சிமரத்தின் வேர் அந்தக் கல்லை இறுக்கிப் பிடித்திருந்தது. வேர் அவள் உடம்பைவிடத் தடிமன்.

அன்று மாலைக் கூட்டத்தில் அவள் எழுந்து கேட்டாள்: "முனிவரே, அக்கா போனது போன கோடையில்தானே? ஒரே வருஷத்தில் வேர் இவ்வளவு தடிக்குமா?"

முள்முனியின் முட்கள் எல்லாம் சிலிர்த்து நின்றன.

"சாமியையே சோதிக்கிறாயா? இன்று முதல் இவளோடு பேசுகிறவரும் கல்லாவார்!"

அத்தனை முயல்களும் முகத்தைத் திருப்பிக்கொண்டன. அம்மாவும்தான். மூன்று நாள் செம்பியோடு ஒருவரும் பேசவில்லை.

நான்காம் நாள் காலை அவள் அம்மா முன்னால் போய் நின்றாள். "அம்மா, நான் போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன்" என்றாள். வெள்ளாச்சியின் கண்ணில் நீர் வழிந்தது.

செம்பி வேலிச் சந்தில் நுழைந்து வெளியே வந்தாள். நேராக அந்தக் கல்லுக்குப் பக்கத்தில் போய், கண்ணை மூடிக்கொண்டு குந்தினாள். கால் கனப்பதுபோல் இருந்தது. 'ஐயோ, ஆரம்பித்துவிட்டது!' என்று நடுங்கினாள். அப்போது ஓர் எறும்பு அவள் மூக்கில் ஏறியது. செம்பி தும்மினாள்.

"கல் எங்கேயாவது தும்முமா?" என்று வாய்விட்டுச் சொன்னாள். அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது.

"செம்பி! நீயா?"

புதருக்குப் பின்னாலிருந்து துடியாள் ஓடி வந்தாள். கொழுகொழுவென்று இருந்தாள். அவள் பின்னால் நான்கு குட்டிகள்.

"அக்கா! உயிரோடுதான் இருக்கிறாயா? ஏன் ஒரு தடவைகூட எங்களைத் தேடி வரவில்லை?"

"வராமலா? தினமும் மாலையில் வேலியோரம் வந்து கூப்பிடுகிறேனடி. நீங்கள்தான் காதை மடக்கிக்கொள்கிறீர்கள்" என்றாள் துடியாள்.

செம்பி அக்காவின் கழுத்தில் முகத்தைப் புதைத்து அழுதாள்.

ஆற்றங்கரைப் புல்வெளியில் அவள் வாழத் தொடங்கினாள். முதல் சில நாட்கள் இலை அசைந்தாலும் பயம். பிறகு வெயிலில் கால் நீட்டிப் படுக்கக் கற்றுக்கொண்டாள். மாலையானால் அக்காவும் தங்கையும் வேலியோரம் போய், "அம்மா! அம்மா!" என்று கூப்பிடுவார்கள்.

"பேய்க்குரல்! காதை மடக்குங்கள்!" என்று உள்ளே முள்முனி கத்துவார்.

ஒன்பது நாள் வெள்ளாச்சி காதை மடக்கினாள். பத்தாம் நாள் ஒரு காதை மட்டும் மெல்ல நிமிர்த்தினாள். ஒன்றல்ல, இரண்டு குரல்கள். இரண்டும் அவள் பெற்ற பிள்ளைகளின் குரல்கள். முள்முனி கத்தக் கத்த, அவள் வேலிச் சந்தில் நுழைந்து வெளியே வந்துவிட்டாள்.

மகள்கள் அவளை ஆற்றங்கரைக்கு அழைத்துப் போனார்கள். கண்ணுக்கெட்டிய தூரம்வரை அறுகம்புல். வெள்ளாச்சி அதில் வாய் வைக்காமல் தயங்கி நின்றாள்.

"இங்கே யாரிடம் உத்தரவு கேட்டுச் சாப்பிட வேண்டும்?" என்று மெதுவாகக் கேட்டாள்.

"உன் பசியிடம் கேளம்மா" என்றாள் செம்பி.

நீதி: கேள்வி கேட்காதே என்று மிரட்டும் இடத்தில் பொய் குடியிருக்கும்.