பதினோரு காலைகள்

ஆப்பிரிக்க மொழிகளும் பண்பாடும் என்று ஒரு பட்டப்படிப்பு. கடலோர ஊர் ஒன்றின் பல்கலைக்கழகத்தில், மாடிப்படி முடிகிற இடத்தில் அதற்கு ஓர் அறை. ஐந்து மாணவர்கள், ஒரே ஆசிரியை.

ஆசிரியை ரெஹேமாவுக்கு இருபத்தொன்பது வயது. டான்சானியக் கடற்கரையில் பிறந்து, இங்கே வந்து தமிழ் படித்து, தமிழிலேயே ஸ்வாஹிலி சொல்லிக்கொடுத்தார். முன்வரிசையில் உட்காரும் மாணவர் தொபியாஸுக்கு நாற்பத்தேழு. இருபது வருடம் கப்பலில் சமையல்காரராக இருந்தவர். கரை இறங்கியதும், விட்டுப்போன பன்னிரண்டாம் வகுப்பை எழுதித் தேறி, நேராக இந்தப் படியேறிவிட்டார்.

"இந்த வயசுல இதைப் படிச்சு என்ன செய்யப் போறீய?" என்று மனைவி பிரகாசி கேட்டாள்.

"படிச்சு முடிச்சுட்டுச் சொல்லுதேன்."

படிப்பு அவருக்குத் தலைக்கேறிவிட்டது. ஸ்வாஹிலிக்காரர்கள் சூரியன் உதிப்பதிலிருந்து மணியை எண்ணுகிறார்கள், நமக்குக் காலை ஏழு என்றால் அவர்களுக்கு ஒன்று என்று ரெஹேமா சொன்ன அன்று, தொபியாஸ் வீட்டுக்கு ஓட்டமும் நடையுமாகப் போனார். சுவர்க் கடிகாரத்தின் முன் பிரகாசியை நிறுத்தினார். சின்ன முள் காட்டுகிற எண்ணை விட்டுவிட்டு, அதற்கு நேர் எதிரே இருப்பதைப் படித்தால் அந்த ஊர் மணி வந்துவிடும் என்று காட்டினார். அன்றிலிருந்து அந்த வீட்டில் மத்தியானச் சாப்பாடு ஏழு மணிக்கு. பிரகாசி அதையும் பொறுத்துக்கொண்டாள்.

ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் அவர் தேறவில்லை.

ஸ்வாஹிலி பேசும் அந்தக் கரையில் இளையவர் மூத்தவரைப் பார்த்தால் "ஷிகமோ" என்று சொல்ல வேண்டும். உங்கள் பாதத்தைப் பிடிக்கிறேன் என்பதுபோல அதற்குப் பொருள். மூத்தவர் "மரஹபா" என்று அதை ஏற்றுக்கொள்ள வேண்டும். ரெஹேமா தினமும் வகுப்புக்குள் நுழைந்ததும், தன்னைவிட மூத்த ஒரே மாணவரைப் பார்த்து "ஷிகமோ" என்பார். தொபியாஸ் பதறி எழுந்து, கையைக் கட்டிக்கொண்டு, அவரும் "ஷிகமோ" என்பார்.

"பதில் அது இல்லை, அண்ணாச்சி."

"தெரியும் டீச்சர். பரீட்சையில சரியா எழுதிருவேன்."

"எழுதுவீங்க. வாயால சொல்ல மாட்டீங்க."

"நீங்க எனக்குக் குரு. உங்க வணக்கத்தை நான் வாங்குறதா? வெங்காயம் உரிச்ச கை டீச்சர் இது."

ரெஹேமா சிரித்துவிட்டுப் பாடத்தைத் தொடங்குவார். இப்படியே இரண்டு வருடம் போனது.

மூன்றாம் வருடம் அறிவிப்புப் பலகையில் ஒரு தாள் ஒட்டினார்கள். டான்சானியாவின் டாங்கா என்ற துறைமுக ஊரில் ஆறு மாதம் தங்கிப் படிக்க ஓர் இடம். ஒன்றே ஒன்று. யார் போவது என்று ஆசிரியை முடிவு செய்வார்.

தொபியாஸ் அந்தத் தாளை நான்கு தடவை படித்தார். வீட்டுக்குப் போகிற வழியில் பஸ் கண்டக்டரிடம் சொன்னார். மீன் விற்கிறவளிடம் சொன்னார். இன்னும் கிடைக்காத பயணத்துக்குப் பெட்டி வாங்கிக்கொண்டு வந்து நின்றார். பிரகாசி திட்டவில்லை. அந்த ஊரின் பெயர் அவளுக்கும் தெரியும்.

பதினைந்து வருடங்களுக்கு முன் அந்தத் துறைமுகத்தில்தான் கடும் காய்ச்சலில் கிடந்த தொபியாஸை இறக்கிவிட்டுக் கப்பல் போனது. மீன்காரர் ஒருவர் அவரைத் தன் வீட்டுக்குத் தூக்கிப்போய்க் கிடத்தினார். பதினோரு நாள் கஞ்சி கொடுத்துக் காப்பாற்றினார்கள். பன்னிரண்டாம் நாள் வேறொரு கப்பலில் ஏற்றிவிட்டார்கள். அந்த வீட்டில் அவர் ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை. பேச அவரிடம் வார்த்தை இருந்ததில்லை. துறைமுகத்தில் பொறுக்கிய ஸ்வாஹிலியில் அவருக்குத் தெரிந்ததெல்லாம் விலை கேட்கவும் குறைக்கச் சொல்லவும்தான்.

இதை அவர் கல்லூரியில் யாரிடமும் சொன்னதில்லை. இரக்கப்பட்டு இடம் கொடுத்துவிடுவார்களோ என்று பயம்.

தேர்வு காலை மூன்று மணிக்கு. அதாவது நம் ஒன்பதுக்கு. தொபியாஸ் இரண்டுக்கே வந்து உட்கார்ந்திருந்தார். சட்டைப் பையில் டீக்கு வாங்கிய பிஸ்கட் பாக்கெட் அப்படியே இருந்தது. பரபரப்பில் டீயே இறங்கவில்லை.

இடத்துக்குப் பெயர் கொடுத்தவர்கள் இரண்டு பேர். அவரும், வகுப்பில் முதல் மதிப்பெண் வாங்கும் நிலோஃபரும்.

ரெஹேமா வந்தார். "நான் எதுவும் கேட்கப் போறதில்லை. ஆளுக்கு ஒரு கேள்வி நீங்க கேளுங்க. அங்கே போய்த் தெரிஞ்சுக்க விரும்புற கேள்வி."

நிலோஃபர் பருவக்காற்றைப் பற்றிக் கேட்டாள். அந்தக் காற்றில் கப்பலேறி வந்தவர்கள் கரையில் காத்திருந்த மாதங்களில் என்னென்ன பாட்டுகள் பிறந்தன என்று கேட்டாள். ரெஹேமாவின் முகம் மலர்ந்துவிட்டது. கரும்பலகை நிறைகிற அளவுக்குப் பதில் சொன்னார். நல்ல கேள்விதான். தொபியாஸுக்கே கைதட்டத் தோன்றியது.

"அண்ணாச்சி, நீங்க?"

மூன்று வாரமாக எழுதிவைத்திருந்த கேள்வி ஒன்று அவரிடம் இருந்தது. அந்தத் தாளை எடுத்தார், பார்த்தார், மடித்து வைத்துவிட்டார்.

"டீச்சர், டாங்காவுல ஒரு வீட்டுல காய்ச்சலா பதினோரு நாள் கிடந்தேன். அந்த வீட்டுல ரெண்டு பிள்ளைங்க. ஒரு பையன், ஒரு பொண்ணு. காலையில எழுந்ததும் நேரா என் கட்டில்கிட்ட வருவாங்க. என்னமோ சொல்வாங்க. காய்ச்சல்ல எனக்கு ஒண்ணும் காதுல ஏறல. சொல்லிட்டு அப்படியே நிப்பாங்க."

"நிப்பாங்க?"

"போகவே மாட்டாங்க. ஏதோ கேக்காங்கன்னு நெனச்சு பிஸ்கட் எடுத்து நீட்டினேன். தொடல. முகத்தைத் திருப்பிப் படுத்துக்கிட்டேன். அப்பவும் நின்னாங்க. உள்ளேயிருந்து அம்மா கூப்பிட்ட பிறகுதான் போனாங்க. தினமும் இதே கதை. அவங்க எதுக்கு டீச்சர் நின்னாங்க? பதினஞ்சு வருசமா எனக்கு இது விளங்கல."

ரெஹேமா நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார். தொபியாஸின் மேசைக்கு முன்னால் வந்து, தலையை லேசாகத் தாழ்த்தினார்.

"ஷிகமோ."

தொபியாஸ் வழக்கம்போலப் பதறி எழுந்தார். "ஷிகமோ, டீச்சர்."

ரெஹேமா நின்றார்.

"உக்காருங்க டீச்சர்."

ரெஹேமா உட்காரவில்லை. கையைக் கட்டிக்கொண்டு, கண்ணைத் தாழ்த்தி, அசையாமல் நின்றார். மின்விசிறி சுற்றியது. நிலோஃபர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். தொபியாஸ் தன் நாற்காலியை இழுத்து அவர் பக்கம் நகர்த்தினார். அதை அவர் பார்க்கக்கூட இல்லை. தொபியாஸுக்கு என்ன செய்வதென்று தெரியாமல் கை தானாகச் சட்டைப் பைக்குள் போனது. பிஸ்கட் பாக்கெட் சரசரத்தது.

கை அங்கேயே நின்றுவிட்டது.

அவர் ரெஹேமாவின் முகத்தைப் பார்த்தார். தாழ்ந்த கண்களைப் பார்த்தார். கட்டில் ஓரத்தில் நின்ற இரண்டு சின்ன முகங்களும் அப்படித்தான் இருந்தன. கண் நிறைந்துவிட்டது. வெட்கமாகவும் இருந்தது, ஓடிப்போய் யாரிடமாவது சொல்ல வேண்டும்போல மகிழ்ச்சியாகவும் இருந்தது. டீச்சரைத் தவிர, பிறந்ததிலிருந்து தன்னை யாரும் அப்படி வணங்கியதில்லை என்றுதான் இத்தனை நாளும் நினைத்திருந்தார்.

வெங்காயம் உரித்த கையைப் பையிலிருந்து எடுத்தார். நிமிர்ந்து நின்றார்.

"மரஹபா" என்றார்.

ரெஹேமாவின் முகம் முழுக்கச் சிரிப்பு. திரும்பிப் போய்த் தன் நாற்காலியில் உட்கார்ந்தார். நிலோஃபர் நோட்டை மூடி வைத்தாள்.

"அந்த ஒத்த வார்த்தைக்கா டீச்சர்?"

"ஆமா, அண்ணாச்சி."

"பதினோரு காலை." தொபியாஸ் மேசையைப் பிடித்துக்கொண்டார். "இப்ப ரெண்டு பேரும் வளந்து பெரியாளாயிருப்பாங்களே டீச்சர்."

ரெஹேமா பயணத் தாளை எடுத்து, பெயர் எழுதும் இடத்தில் பேனாவை வைத்தார்.

"வளர்ந்திருப்பாங்க. ஆனா இன்னும் நின்னுக்கிட்டுத்தான் இருக்காங்க, அண்ணாச்சி. போய் உட்கார வைங்க."